மீன் தொட்டியின் தழைச்சத்துக் கணக்கைக் கேளுங்கள்

நிலத்தில் அமையும் மீன் பண்ணைகளுக்கு உரிமமும் கடனும் வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் மீனையும் பாசியையும் சேர்த்து வளர்ப்பவன். கடலில் கூண்டு போட்டு வளர்ப்பதில்லை. நிலத்தில் தொட்டி கட்டி, பம்பு வைத்து இறைத்த உப்புநீரில் வளர்க்கிறேன். முதன்முதலில் உரிமம் கேட்டபோது கைக்கு வந்த படிவம் இன்னும் நினைவில் இருக்கிறது. தொட்டிகள் எத்தனை, கொள்ளளவு என்ன, மோட்டார் எத்தனை குதிரைத்திறன், வடிகட்டி எந்த வகை என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் இருந்தது. பாசித் தொட்டிக்கு மட்டும் இல்லை. பண்ணையின் பாதி இடத்துக்கு மேல் அடைத்துக்கொண்டு, மீன்களின் கழிவை வாங்கிக்கொள்ளப் போகிற தொட்டிகளை "இதர கட்டுமானங்கள்" என்ற கட்டத்தில் எழுதச் சொன்னார்கள். அப்புறம், பாசி தனி வளர்ப்பு என்பதால் அதற்குத் தனி உரிமம் வேண்டும் என்றார்கள். அந்த இரண்டாவது உரிமம் வந்து சேர்வதற்குள் நாங்கள் விட்ட குஞ்சுகள் விற்பனை அளவுக்கு வளர்ந்துவிட்டன. அதுவரை பாசித் தொட்டிகள் காய்ந்து கிடந்தன, மீன் தொட்டி நீர் நேராக வாய்க்காலுக்குப் போனது. விதிப்படி அதில் எந்தத் தவறும் இல்லை. அதுதான் என்னை உறுத்தியது.

இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நீங்கள் எந்த நாட்டில் எந்த மேசையில் இருந்தாலும் ஒரே ஒரு கேள்வியை உங்கள் படிவத்தில் சேர்க்கச் சொல்லித்தான் எழுதுகிறேன். தீவனமாக உள்ளே வரும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், பண்ணையை விட்டு எந்த வழியாக வெளியே போகிறது? இந்தக் கணக்கை ஒருவர் கையில் வைத்திருந்தால், அவர் என்ன இயந்திரம் வாங்கினார் என்பது இரண்டாம் பட்சம். கணக்கு இல்லையென்றால் எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரம் இருந்தும் பயனில்லை.

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் அறிக்கைப்படி, நீர்வாழ் விலங்குகளில் பிடித்ததைவிட வளர்த்தது முதன்முறையாக அதிகமானது 2022-ல். மீன், இறால், சிப்பி எல்லாம் சேர்த்து 9.44 கோடி டன் வளர்ப்பில் வந்தது, மொத்தத்தில் 51 விழுக்காடு. அதே ஆண்டு பாசி உற்பத்தி 3.78 கோடி டன், அதிலும் பெரும்பகுதி வளர்த்ததுதான். இரண்டும் பெரிதாக வளர்ந்திருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் ஒன்றை ஒன்று பாராமல். மீன் வளர்க்கிறவர் எதைத் தொல்லை என்று வெளியே விடுகிறாரோ, அதையே தொட்டியில் பாசி வளர்க்கிறவர் உரமாக விலை கொடுத்து வாங்கிக் கரைக்கிறார்.

அந்தத் தொல்லையின் பெயர் அம்மோனியா. தீவனத்தில் இருக்கும் புரதத்தில் ஒரு பகுதிதான் மீனின் சதையாகிறது. மிச்சம் உடலில் எரிந்து, அம்மோனியாவாகி, பெரும்பாலும் செவுள் வழியே நீரில் கலக்கிறது. வயலில் பயிருக்குத் தழைச்சத்து என்று இடுகிறோமே, அதே நைட்ரஜன்தான் இது. தேங்கினால் மீனைக் கொல்லும். வாய்க்காலிலும் கழிமுகத்திலும் அளவு மீறிக் கலந்தால் அங்கே வேண்டாத பாசி பொங்கி, செத்து அழுகி, நீரின் ஆக்ஸிஜனை உறிஞ்சிவிடும். அதற்குப் பிறகு அந்த நீரை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு யாரும் பதில் சொல்வதில்லை.

அதே நீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடும் வழக்கமான மறுசுழற்சிப் பண்ணையில் இதற்கு உயிர்வடிகட்டி வைக்கிறோம். அதில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் மீனை அவ்வளவாகத் தாக்காது, அதனால் மீன் தப்பிக்கிறது. தழைச்சத்து மட்டும் எங்கும் போகவில்லை, சட்டை மாற்றிக்கொண்டு அதே நீரில் நிற்கிறது. இந்தச் சட்டை மாற்றத்துக்கும் செலவு உண்டு. ஒரு கிராம் நைட்ரஜனை இப்படி மாற்ற அந்தப் பாக்டீரியாக்களுக்கு ஏறத்தாழ 4.57 கிராம் ஆக்ஸிஜன் வேண்டும். நீரின் காரத்தன்மையிலும், கால்சியம் கார்பனேட் கணக்கில், 7 கிராமுக்கு மேல் போய்விடும். ஆக்ஸிஜனுக்காகக் காற்றூதி இரவும் பகலும் ஓட வேண்டும், காரத்தன்மைக்காகச் சோடா உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்ட வேண்டும்.

பாசி அம்மோனியாவை அப்படியே எடுத்துத் தன் உடம்பாக்கிக்கொள்கிறது. மீன் மூச்சில் விடும் கார்பன் டை ஆக்ஸைடும் அதற்கு வேண்டும், தீவனத்திலிருந்து வரும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) வேண்டும். பகலில் ஆக்ஸிஜனைத் திருப்பித் தருகிறது. வளர்ந்ததை வலை போட்டு அள்ளினால் தழைச்சத்து தண்ணீரை விட்டே வெளியே வந்துவிடுகிறது. "அள்ளினால்" என்ற சொல்லைத் தயவுசெய்து அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அள்ளாத பாசி தொட்டியிலேயே செத்து மட்கும், வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொட்டிவிடும்.

சரி, எவ்வளவு பாசி, எவ்வளவு இடம்? இந்த இடத்தில்தான் நிறையத் திட்ட அறிக்கைகள் அமைதியாகிவிடுகின்றன, அதனால் நான் விரல் விட்டே எண்ணிக் காட்டுகிறேன். 40 விழுக்காடு புரதம் உள்ள தீவனம் ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். புரதத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன், ஆக 64 கிராம். மீன் நன்றாகத் தின்று வளர்ந்தால் அதில் 20 கிராம் போல உடம்பில் தங்கும். மிச்சம் 44 கிராமில் சாணமாகவும் தின்னாத தீவனமாகவும் அடியில் படிவதைக் கழித்தால், கரைந்து நிற்பது சுமார் 35 கிராம். மறுபக்கம், உல்வா என்னும் பச்சைக் கடற்பாசி நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 25 கிராம் உலர் எடை வளர்வதாகக் கொள்வோம். அதில் 4 விழுக்காடு நைட்ரஜன் என்றால் ஒரு சதுர மீட்டர் பாசி ஒரு நாளில் இழுப்பது ஒரு கிராம். நல்ல கையாளுதலில் இதைவிட அதிகம் இழுக்கும், மேகமூட்டத்தில் இதில் பாதிகூட வராது.

அப்படியானால் தினம் ஒரு கிலோ தீவனத்துக்கு 35 சதுர மீட்டர் பாசி. தினம் 100 கிலோ தீவனம் போடும் நடுத்தரப் பண்ணைக்கு 3,500 சதுர மீட்டர், ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அந்தப் பண்ணையில் நாளொன்றுக்கு மீன் 70 கிலோ போல எடை கூடும். பாசியோ உலர் எடையில் 87 கிலோ, அள்ளும்போது ஈரத்தோடு அரை டன்னைத் தாண்டும். இதைப் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ, முதன்முதலில் எண்ணிப் பார்த்தபோது எனக்கும் அதுவே தோன்றியது. எடையை வைத்துப் பார்த்தால் நான் நடத்துவது பாசிப் பண்ணை, மீன் அதற்கு உரம் போடுகிறது.

இதற்குப் பின்னால் எழுபது ஆண்டு உழைப்பு இருக்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்வால்ட் 1950-களிலேயே கழிவுநீரைப் பாசிக் குளங்களால் சுத்தப்படுத்துவதை ஆராய்ந்தார். இன்று நுண்பாசி வளர்ப்பவர்கள் பரவலாகக் கட்டும், ஆழம் குறைந்த, துடுப்புச் சக்கரம் நீரைச் சுற்றி ஓட்டும் வட்டப்பாதைக் குளங்கள் அவர் வேலையின் வழி வந்தவை. 1970-களில் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தில் ஜான் ரைதர் கழிவுநீரில் நுண்பாசி வளர்த்து, அதைச் சிப்பிகளுக்குக் கொடுத்து, கடைசியில் மிஞ்சும் சத்தைக் கடற்பாசியால் இழுத்துக் காட்டினார். இஸ்ரேலின் எய்லாத்தில் அமீர் நியோரி, முகி ஷ்பிகல் முதலானோர் மீன் தொட்டி நீரில் உல்வா வளர்த்து, அந்த உல்வாவை அபலோனி என்னும் கடல்நத்தைக்குத் தீனியாக்கினார்கள்.

தென் ஆப்பிரிக்காவின் அபலோனிப் பண்ணைகள் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். அங்கே நத்தைத் தொட்டியிலிருந்து வரும் நீரில், துடுப்புச் சக்கரம் சுழலும் நீளத் தொட்டிகளில் உல்வா வளர்க்கிறார்கள். வளர்ந்ததை நத்தைக்கே போடுகிறார்கள். இயற்கையில் வளரும் கெல்ப் என்னும் பெரிய கடற்பாசியை வெட்டி வந்து போடும் தேவை குறைகிறது. பாசி தெளிய வைத்த நீரில் ஒரு பகுதியைத் திருப்பி விடுவதால் கடலிலிருந்து இறைக்கும் மின்செலவும் குறைகிறது. முக்கியமானது இன்னொன்று. பாசியைத் தின்ன ஒரு வாய் அதே வளாகத்தில் இருக்கிறது. போர்ச்சுகலின் ரியா டி அவெய்ரோ கழிமுகத்தில் கடல் மீன்களை வளர்க்கும் பண்ணை நீரில் கடற்பாசி வளர்த்து, மனித உணவுக்கு விற்கிறார்கள். அந்த வழியும் நடக்கிறது, அதற்குத் தனி உலர்த்தும் கூடமும் தனிச் சந்தையும் வேண்டியிருக்கிறது.

கடன் தருகிறவர்களிடம் ஒரு வார்த்தை. எங்களைப் போன்றவர்கள் கொண்டு வரும் வரவு செலவுத் தாளில் மீன் வருமானத்துக்குக் கீழே பாசி வருமானம் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை அப்படியே நம்பிவிடாதீர்கள். தினம் அரை டன் ஈரப் பாசியை யார் எடுத்துக்கொள்வது? நத்தையா, பாசி தின்னும் கடல் முள்ளெலியா, உரம் செய்பவரா, உலர்த்தும் கூடமா? ஈரப் பாசி ஓரிரு நாளில் நாறிவிடும், உலர்த்த எரிபொருளோ வெயிலும் இடமுமோ வேண்டும். பாசிக்குப் போகுமிடம் தெரியாத பண்ணையில் அள்ளுவது முதலில் தள்ளிப்போகும், பிறகு நின்றுபோகும். பாசித் தொட்டி அன்றோடு வேலை செய்வதை நிறுத்திவிடும். என் அனுபவத்தில், இப்படிப்பட்ட பண்ணைகள் பெரும்பாலும் தொழில்நுட்பத்தால் விழுவதில்லை. அள்ளிய பாசி கரையில் குவிந்து கிடப்பதால்தான் விழுகின்றன.

நுண்பாசி விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. குஞ்சுப் பொரிப்பகத்தில் மீன்குஞ்சுகள் தின்னும் ரோட்டிஃபர் போன்ற நுண்ணுயிர்களுக்குத் தீனியாக நானோகுளோரோப்சிஸ், ஐசோகிரைசிஸ் என்னும் நுண்பாசி வகைகள் பரவலாகப் பயன்படுகின்றன. மீனில் நாம் போற்றும் ஒமேகா-3 கொழுப்பும் அடிப்படையில் இத்தகைய பாசிகளிலிருந்தே கடலின் உணவுச் சங்கிலிக்குள் வருகிறது. ஆனால் திறந்த குளத்தில் ஒரு லிட்டர் நீருக்கு அரை கிராம் போலத்தான் பாசி இருக்கும். அதை நீரிலிருந்து பிரிக்கும் செலவே திட்டத்தைத் தின்றுவிடலாம். எங்கள் அளவுப் பண்ணைக்குக் கையால் அள்ளக்கூடிய கடற்பாசியே உகந்தது என்பது என் முடிவு.

தவறு நடக்கும் இடங்களையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மறைத்துவிட்டு மானியம் கேட்பது எனக்குப் பிடிக்காது.

ஒரு நாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தபோது எங்கள் பெரிய தொட்டியின் நீர் பச்சையாகக் கலங்கியிருந்தது. முந்தைய நாள் மாலைவரை தளதளவென்று புரண்டுகொண்டிருந்த உல்வாத் தாள்கள் ஓரம் வெளுத்து, பிய்ந்து, பாதியாகியிருந்தன. உல்வா வித்துகளை வெளிவிட்டால் அப்படித்தான் ஆகும். பாசியின் பெரும்பகுதி நீரோடு கரைந்து போய்விடும். அன்று தீவனத்தைப் பாதியாகக் குறைத்து, ஒரு வாரம் அம்மோனியாவை மூன்று வேளையும் அளந்து மீனைக் காப்பாற்றினோம். எல்லாத் தொட்டியிலும் ஒரே வயதுப் பாசியை வைக்கக் கூடாது என்று கற்றது அந்த வாரம்தான். ஒரு சிறிய உயிர்வடிகட்டியைத் துணைக்கு எப்போதும் உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்று கற்றதும் அப்போதுதான்.

இரவு இன்னொரு பிரச்சினை. வெளிச்சம் போனதும் பாசி ஆக்ஸிஜன் தருவதை நிறுத்திவிட்டு, மீனோடு போட்டி போட்டு எடுக்கத் தொடங்கும். காற்றூதிக்கு மாற்று மின்சாரம் இல்லாத சேர்ப்புப் பண்ணைக்கு நீங்கள் உரிமம் தரவே கூடாது. பகலில் அதற்கு நேர்மாறு. மதிய வெயிலில் பாசி கார்பன் டை ஆக்ஸைடை உறிஞ்சுவதால் அந்தத் தொட்டி நீரின் அமில-கார அளவான பிஎச் 9-ஐத் தாண்டக்கூடும். 25 பாகை செல்சியஸ் நன்னீரில் பிஎச் 7 என்றால் அம்மோனியாவில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும். 8-ல் அது 5 விழுக்காடு, 9-ல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். உப்புநீரில் எண்கள் சற்றுக் குறையும், போக்கு இதேதான். பாசித் தொட்டி நீரை அளக்காமல் மீன் தொட்டிக்குத் திருப்பினால், சுத்தமாக்கிய நீரே மீனுக்கு எமனாகலாம்.

அப்புறம் மருந்து. மீனுக்கு ஒட்டுண்ணி வந்தால் சிலர் தாமிர உப்பைக் கரைப்பார்கள், அது பாசியைக் கொல்லும். நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தால் அதன் எச்சம் பாசித் தொட்டிக்கும் வரும். கன உலோகங்களைப் பாசி தன்னுள் சேர்த்துக்கொள்ளவும் செய்யும். ஆகவே மருந்து நாட்களில் நீரைத் தனியே திருப்பிவிட ஒரு மாற்றுக் குழாய் கட்டாயம். உணவுக்கோ தீவனத்துக்கோ போகும் பாசிக்கு ஆய்வகச் சோதனையும் கட்டாயம். இந்தச் செலவு எங்களுக்குச் சுமைதான், இருந்தாலும் இதில் தளர்வு கேட்க மாட்டேன்.

தளர்வு கேட்பது வேறிடத்தில். ஒரே வளாகம், ஒரே நீர்ச் சுற்று, ஒரே பொறுப்பாளர் என்றால் உரிமமும் ஒன்றாக இருக்கட்டும். மீனுக்கு ஒரு மேசை, பாசிக்கு ஒரு மேசை, கழிவுநீருக்கு ஒரு மேசை என்று அலைய வைத்தால், நல்ல மனதோடு தொடங்குகிறவர்கூடப் பாசியைக் கைவிட்டுவிட்டு மீனை மட்டும் வைத்துக்கொள்வார். அதோடு, இயந்திரத்தின் பெயரைக் கேட்டு அனுமதிப்பதை விட்டுவிட்டு, வெளியேறும் நீரில் இருப்பதை வைத்து அனுமதியுங்கள். செறிவை மட்டும் அளந்தால் போதாது. ஒரு லிட்டரில் எவ்வளவு என்று மட்டும் பார்த்தால், நீரை அதிகமாக இறைத்துக் கரைத்து விடுகிறவர் தேறிவிடுவார். நாளொன்றுக்கு மொத்தம் எத்தனை கிராம் வெளியே போகிறது, போட்ட ஒவ்வொரு கிலோ தீவனத்துக்கும் எவ்வளவு என்று கேளுங்கள். அந்த அளவுகோலில் உயிர்வடிகட்டியும் பாசித் தொட்டியும் ஒரே தராசில் நிற்கும்.

வெளிச்சம் மிகக் குறைந்த மாதத்தை வைத்துப் பாசியின் பரப்பைத் தீர்மானிக்கச் சொல்லுங்கள். அந்த மாதத்தில் இடம் போதாது என்றால் அந்த மாதம் தீவனத்தைக் குறைக்கட்டும், குறைவான மீன் வளர்க்கட்டும். இதை உரிமத்திலேயே எழுதிவிடுங்கள். எங்களில் சிலருக்கு இது கோபம் வரவழைக்கும் என்று தெரியும். ஆனால் சூரியன் தரும் அளவுக்கு மேல் மீன் விடுவதாக இருந்தால், மிச்சத்துக்கு இயந்திரம் வைக்க வேண்டும், அல்லது வாய்க்கால் தாங்க வேண்டும்.

இன்னொன்றையும் உங்களிடம் எதிர்பார்க்கிறேன். வாசலில் நாலு பாசித் தொட்டியை வைத்துப் படம் எடுத்து, பின்னால் ஆயிரக்கணக்கான கிலோ தீவனம் கொட்டும் பண்ணைகள் நாளை உங்களிடம் "பசுமை" என்று வரும். அவற்றிடம் பரப்பைக் கேளுங்கள், தினசரித் தீவனத்தைக் கேளுங்கள், வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோ தீவனத்துக்கு ஒரு சதுர மீட்டர்கூட வராத இடத்தில் பாசி வெறும் தோரணம். கார்பனை நிரந்தரமாகப் புதைக்கிறோம் என்று சொல்கிறவர்களிடமும் அந்தப் பாசி கடைசியில் எங்கே போகிறது என்று கேளுங்கள். நத்தை தின்றாலும் மனிதர் தின்றாலும் அந்தக் கார்பன் சீக்கிரமே காற்றுக்குத் திரும்பிவிடும். பாசியின் பயன் நீரைக் காப்பதிலும் உணவு தருவதிலும் இருக்கிறது, அதற்கே அதைப் பாராட்டலாம்.

இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாசி இடம் கேட்கும் என்று மேலே எண்ணிக் காட்டினேன். அந்த இடத்துக்காக அலையாத்திக் காட்டை வெட்டினாலோ, விளைநிலத்தில் உப்புநீரைத் தேக்கி நிலத்தடி நீரைக் கெடுத்தாலோ, நாம் காப்பாற்றும் தழைச்சத்தைவிட இழப்பது பெரிது. கைவிடப்பட்ட உப்பளம், பழைய மீன் குளம், ஏற்கெனவே உவர்ந்து போன நிலம் இவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள். தொட்டியின் அடித்தளம் கசியாது என்பதற்குச் சான்று கேளுங்கள்.

என்னிடம் எங்கள் பண்ணையின் குறிப்பேடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு நாளும் போட்ட தீவனம், அள்ளிய பாசி, காலையும் மாலையும் அளந்த அம்மோனியா, பிஎச், வித்து விட்டுக் கெட்டுப்போன நாட்கள் உட்பட எல்லாம் அதில் உண்டு. படிவத்தைத் திருத்த எந்தத் துறை முன்வந்தாலும் அவற்றின் படியைத் தருகிறேன். திருத்தும்போது முதல் கட்டத்தில் "ஒரு நாளைக்கு எத்தனை கிலோ தீவனம் போடப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். அதற்கு நேர் கீழே, "இதர கட்டுமானங்கள்" என்ற கட்டத்துக்கு வெகு முன்னால், பாசித் தொட்டிக்கு ஒரு கட்டம் போடுங்கள்.

இப்படிக்கு,
மீனும் பாசியும் வளர்க்கும் ஒருவன்